மொழி மறந்தும் முறை மறவாத மலாக்காச் செட்டிகள்

கடல் கடந்த தமிழரைப் பற்றி ஆண்டு மலர்களில் எழுதப் புகுவோர் பெரும்பாலும் இராசேந்திர சோழனிடமிருந்தே தொடங்குவர். 1025-ஆம் ஆண்டில் அவன் கடாரம் கொண்ட செய்தி கேட்குந்தோறும் நமக்கு இனிப்பதே. ஆயினும் படையெடுத்துச் சென்ற மன்னர் கதை வெற்றியோடு முடிந்துவிடுகின்றது. சரக்கேற்றிச் சென்று, அங்கேயே அடுப்பு மூட்டி, பிள்ளை பெற்று, அந்நிலத்து மக்களோடு மக்களாகக் கலந்துவிட்டோர் கதை அவ்வாறு முடிவதன்று. அஃது இன்றும் நடந்துகொண்டிருக்கின்றது. மெய்க்கீர்த்திகளில் இடம் பெறாத அத்தகைய மக்களுள் ஒரு பிரிவினரைப் பற்றியே இவ்வாண்டு மலரில் எழுத விழைகின்றோம்.

சிங்கப்பூரில் லிட்டில் இந்தியா எனப்படும் பகுதியில், காம்பெல் சந்தில், இந்திய மரபுடைமை நிலையம் என்றோர் அருங்காட்சியகம் 2015-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. அங்கே 2018 செப்டம்பர்த் திங்கள் தொடங்கி 2019 மே வரை ஒரு கண்காட்சி நடைபெற்றது. அது மலாக்காச் செட்டிகள் என்னும் பெரானாக்கான் இந்தியரைப் பற்றியது. அச்சமூகத்தாரின் சங்கமே அருங்காட்சியகத்தோடு கைகோத்து அதனை அமைத்தது. வீட்டுப் பேழைகளில் தலைமுறை தலைமுறையாகக் காத்துவைத்த சாரோங்குகள், நகைகள், பூசைப் பாத்திரங்கள், சமையற் கருவிகள், மங்கிப்போன குடும்பப் புகைப்படங்கள் முதலியன பலர் காண வெளியே வந்தன. அரசர் வாளும் முடியும் வைத்துக் காட்டும் கண்காட்சிகளினும் இத்தகைய கண்காட்சியையே யாம் பெரிதாக மதிக்கின்றோம். பாட்டியின் இடுப்பில் இருந்த வெள்ளி ஒட்டியாணம் சொல்லும் வரலாற்றைப் பட்டயங்கள் எப்போதும் சொல்வதில்லை.

இம்மலாக்காச் செட்டிகள் யாவர்? வீட்டில் அவர்கள் பேசுவது மலாய். பெண்டிர் மரபாக உடுப்பது சாரோங்கும் கெபாயா என்னும் மேற்சட்டையும். உண்பது தேங்காய்ப்பாலில் வெந்த சோறும் சம்பலும். ஆயின் அவர்தம் நெற்றியில் திருநீறு விளங்கும். குடும்பப் பெயர்களைக் கேட்டாலோ பிள்ளை, செட்டி, நாயக்கர், படையாட்சி, பத்தர் என்று நம் தெருக்களின் பெயர்ப்பலகையைப் படிப்பது போன்றிருக்கும். தொழுவது விநாயகரையும் மாரியம்மனையும். அந்தத் தெய்வத்திடம் வேண்டிக்கொள்வது மட்டும் மலாய் மொழியில்!

‘பெரானாக்கான்’ என்பது மலாய்ச் சொல். ‘அனாக்’ என்றால் குழந்தை. அதினின்று பிறந்த இச்சொல் ‘இம்மண்ணில் பிறந்தோர்’ என்னும் பொருளில் வழங்குகின்றது. வெளிநாட்டுத் தந்தைக்கும் உள்நாட்டுத் தாய்க்கும் பிறந்த வழியினரை அப்பெயரால் அழைத்தனர். சீன வழியினர் பாபா என்றும் நோன்யா என்றும் புகழ்பெற்றனர். மணிகள் கோத்த அவர்தம் காலணிகளும், வண்ணப் பீங்கான் கலங்களும், பூத்தையல் நிறைந்த கெபாயாக்களும் உலக அருங்காட்சியகங்களில் இடம்பெற்றுவிட்டன. ஆதலின் பெரானாக்கான் என்றாலே சீனர் என்று எண்ணுவோர் இன்றும் பலர். தமிழ் முசுலீம் தந்தையர்க்கும் மலாய்த் தாய்மார்க்கும் பிறந்தோர் சாவி பெரானாக்கான் எனப்பட்டனர். மலாய் மொழியின் முதற்செய்தித்தாள் 1876-இல் சிங்கப்பூரில் அவர்கள் பெயராலேயே வெளிவந்தது. இவ்விரு கூட்டத்தாரின் புகழுக்கும் நடுவே மறைந்து நின்ற மூன்றாமவரே செட்டிகள். 2018-ஆம் ஆண்டுக் கண்காட்சி அம்மறைவை நீக்கியது என்பதே அதன் சிறப்பு.

இனி இவர்கள் அங்கே சென்ற வரலாற்றைக் காண்போம்.

தமிழ் வணிகர் கீழைக் கடலில் செல்வது சோழர்க்குப் பின்னர்த் தோன்றிய வழக்கமன்று, சோழர்க்கும் முந்தியது. சுமத்திராவின் மேற்கரையில் பாரூசு என்னும் துறையை அடுத்து, கி.பி. 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டொன்று கிடைத்துள்ளது. அதனை நிறுத்தியோர் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர். இவ்வைந்நூற்றுவர் தம் தாயகமாகக் கொண்டாடிய ஊர் எது தெரியுமா? இக்கன்னட நாட்டின் ஐகொளெ! சாளுக்கியர் கோயில்களைக் காணச் சுற்றுலாப் பேருந்தில் நாம் சென்றுவரும் அதே ஊர்தான். ஐகொளெயைத் தாயகம் என்ற வணிகர், சுமத்திராக் கரையில் தமிழில் கல் நட்டனர். கன்னடம் வேறு, தமிழ் வேறு என்று அக்கால வணிகர் வேலி போட்டுக்கொள்ளவில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

மலாக்கா என்னும் துறைமுகம் 1400-ஆம் ஆண்டையொட்டித் தோன்றி, விரைவிலேயே கீழைநாட்டு வாணிகத்தின் கழுத்தாக அமைந்தது. சீனப் பட்டும் மொலுக்காத் தீவுகளின் கிராம்பும் சாதிக்காயும் ஒரு புறமிருந்து வந்து இறங்கும். குசராத்தத்துத் துணியும் சோழமண்டலக் கரைத் துணியும் மறுபுறமிருந்து வந்து இறங்கும். நறுமணப் பொருளுக்கு மாற்றாகக் கொடுக்கப்பட்டது பெரும்பாலும் நம் நெசவாளர் நெய்த துணியே. மலாய் ஆடவர் இன்றும் உடுக்கும் கட்டம் போட்ட லுங்கிக்குப் ‘பெலிக்காட்’ என்று பெயர். அது நம் பழவேற்காட்டின் பெயர்த் திரிபு. துறைமுகத்தில் நான்கு சாபந்தர்கள், அதாவது துறைத் தலைவர்கள், இருந்தனர். ஒவ்வொருவரும் குறித்த சில நாட்டு வணிகர்க்குப் பொறுப்பாளர். சோழமண்டலக் கரை வணிகர் கலிங்கர் என்னும் பெயரின் திரிபாகிய ‘கெலிங்’ என்ற சொல்லால் வழங்கப்பெற்றனர். (அச்சொல் பிற்காலத்தில் இழிவுப் பொருள் பெற்றுவிட்டமையால் இன்று யாரும் விரும்பிக் கேட்பதில்லை.)

ஒரு பருவக்காற்றில் பாய் விரித்துச் சென்ற கப்பல், எதிர்ப் பருவக்காற்று எழுந்தாலன்றித் திரும்ப இயலாது. ஆகவே வணிகன் திங்கட்கணக்கில் அங்கே தங்க வேண்டியவனானான். சரக்கைக் காக்கக் கிடங்கு வேண்டும். கிடங்கைக் காக்க ஆள் வேண்டும். காலப்போக்கில் வீடும் வேண்டும். தமிழ்ப் பெண்கள் அக்காலத்தில் கப்பலேறவில்லை. மலாய், சாவகம், பத்தாக்கு, சீனம் எனப் பல இனத்துப் பெண்களை இவ்வணிகர் மணந்தனர். அவ்வீடுகளில் பிறந்தோரே பெரானாக்கான் செட்டிகள். மலாக்காவில் செட்டி என்பது சாதிப் பெயராகவன்றி வணிகன் என்னும் தொழிற்பெயராகவே நின்றது என்பதற்கு மேலே காட்டிய குடும்பப் பெயர்களே சான்று.

1511-இல் போர்த்துகீசியர் மலாக்காவைக் கைப்பற்றினர். அவ்வரலாற்றில் நீனா சாத்து என்றொரு தமிழ் வணிகர் வருகின்றார். நயினார் செட்டி என்றிருக்கலாம் என்பது எம் எண்ணம். 1509-இல் வந்து சிறைப்பட்ட போர்த்துகீசியர்க்கு அவர் மறைவில் உதவினார். நகரம் வீழ்ந்தபின் அல்புகர்க்கு அவரைப் பெண்டகாரா என்னும் உயர்பதவியில் அமர்த்தினான். 1514-இல் அப்பதவியைப் பறித்துக் கம்பார் நாட்டு மன்னனுக்கு அளித்தனர். அவமதிப்பைத் தாங்காத அவர் தீ வளர்த்து அதில் பாய்ந்து உயிர் துறந்தார் என்று போர்த்துகீசிய வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். தமிழர் பெருமை பேசும் மலரில் இதனை எழுதலாமோ என்று சிலர் கேட்கலாம். அந்நியனுக்குத் துணைநின்றவர் என்று அவரைத் தள்ளுவதும் எளிது. மானம் பெரிதென மாய்ந்தவர் என்று போற்றுவதும் எளிது. இரண்டும் ஒரே மனிதரிடத்தில் இருந்தன என்பதே உண்மை. துறைமுக வணிகனுக்கு எந்தக் கொடி பறந்தாலும் கடை திறந்தாக வேண்டும். கடன் கொடுத்துப் பழகியவன் மானத்தை மட்டும் கடனாகத் தரமாட்டான்.

1613-இல் எரேதியா என்பான் வரைந்த மலாக்கா வரைபடத்தில், கோட்டைக்கு வெளியே ஆற்றின் மறுகரையில், தமிழ் வணிகரின் குடியிருப்பு ‘கம்போன் செலிம்’ என்று குறிக்கப்பட்டுள்ளது. 1641-இல் ஒல்லாந்தர் வந்தனர். அவர்கள் வாணிகத்தைத் தம் தனியுரிமையாக்கிக்கொண்டு, பத்தாவியா நகரையே தலைமைத் துறையாக வளர்த்தனர். மலாக்காவின் கடைத்தெரு வாடத் தொடங்கிற்று. தராசு பிடித்த செட்டிகள் படிப்படியாக நகரை விட்டு அகன்று, காசா பெராங் என்னும் பகுதியில் நிலம் உழுவோராயினர். சிலர் பொற்கொல்லத் தொழிலில் நிலைத்தனர். தாயகத்திலிருந்து புதியோர் வரவும் குறைந்தது. எம் கருத்தில், இவர்கள் வரலாற்றின் திருப்புமுனை இதுவே. எந்த அரசும் ஆணையிட்டு இவர்தம் தமிழைப் பறிக்கவில்லை. கப்பல் வருவது நின்றது. அதனோடு தமிழும் வருவது நின்றது.

ஆயினும் வாடிய அக்காலத்திலேதான் அவர்கள் கோயில் கட்டினர் என்பது வியப்பு. செட்டிகளின் தலைவராயிருந்த தெய்வநாயகம் செட்டி, ஒல்லாந்த அரசினர் அளித்த நிலத்தில் 1781-இல் பொய்யாத விநாயகர் கோயிலை எழுப்பினார். தட்டார் தெரு என்று பொருள்படும் மலாய்ப் பெயர் கொண்ட தெருவில் அக்கோயில் இன்றும் வழிபாட்டிலுள்ளது. மலேசிய நாட்டில் இன்று வழிபாட்டிலுள்ள இந்துக் கோயில்களுள் மிகப் பழமையானவற்றுள் ஒன்று அது. அதே தெரு வரிசையில் 1748-இல் தோன்றிய கம்போங் கெலிங் பள்ளிவாசலும், பதினேழாம் நூற்றாண்டில் தோன்றிய சீனர் கோயிலும் நிற்கின்றன. மூன்றும் சில நூறு அடி இடைவெளியில் இருநூறாண்டுகட்கு மேலாக அண்டை வீட்டாராய் வாழ்ந்துவருகின்றன. அந்நகரை ஐக்கிய நாடுகள் கல்வி, அறிவியல், பண்பாட்டு அமைப்பு 2008-இல் உலக மரபுச் சின்னமாக ஏற்றது. காசா பெராங்கில் முத்துமாரியம்மன் கோயில் 1822-இல் எழுந்தது.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டைக் கூறாமல் விடலாகாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வட்டித் தொழிலுக்காக மலாய் நாடு சென்ற நாட்டுக்கோட்டை நகரத்தார் வேறு; இம்மலாக்காச் செட்டிகள் வேறு. நகரத்தார் தாய்நாட்டில் மனைவி மக்களை வைத்துச் சென்று மீண்டவர்கள். பின்னர் ரப்பர்த் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர் குடும்பத்தோடு சென்று தமிழ்ப் பள்ளி வைத்தவர்கள். இவ்விரு சாராரும் வந்து சேர்ந்தபோது மலாக்காச் செட்டிகள் அந்நாட்டில் பல தலைமுறை கண்டுவிட்டனர். புதிதாய் வந்த தமிழர் அவர்களைக் கண்டு ‘தமிழ் தெரியாத தமிழரா!’ என்று வியந்திருப்பர். அவர்களும் இவர்களைக் கண்டு வியந்திருத்தல் கூடும்.

தமிழ் அங்கே ஒருகாலத்தில் எவ்வளவு வேரூன்றியிருந்தது என்பதற்கு முன்சி அப்துல்லாவே சான்று. தற்கால மலாய் உரைநடையின் தந்தை எனப் போற்றப்படும் அவர், 1796-ஐ ஒட்டி மலாக்காவில் பிறந்தவர். அரபும் தமிழும் கலந்த வழியினர். தம் இளமையில் இரண்டரையாண்டு தமிழ் பயின்றதாகத் தம் வரலாற்று நூலில் அவர் எழுதியுள்ளார். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளைத் தமிழ் பயில அனுப்புவது மலாக்காவின் முன்னோர் வழக்கம் என்றும், கணக்கெழுத அம்மொழி வேண்டியிருந்தது என்றும் காரணம் கூறுகின்றார். இன்று நாம் நம் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பக் கூறும் காரணம் இதுவன்றோ! பிழைப்புக்காகக் கற்ற மொழி, பிழைப்பு மாறினால் மறைந்துபோகும். 1824-இல் மலாக்கா நிலையாக ஆங்கிலேயர் கைக்கு மாறியது. கணக்கேட்டின் மொழியும் மெல்ல மாறியது. ஆனால் கடைத்தெருவில் விழுந்த தமிழ்ச் சொற்களை மலாய்மொழி விழுங்கிவிட்டது. கப்பல் அங்கே ‘காப்பால்’, கடை ‘கெடாய்’, வாணிக முதல் ‘மோடால்’, பெட்டி ‘பெத்தி’, கட்டில் ‘காத்தில்’, திரை ‘திராய்’. கொத்தமல்லிக்கு அவர்கள் இட்ட பெயர் ‘கெத்தும்பார்’. நம் காலனி வாயிலில் காய்கறி வண்டிக்காரர் ‘கொத்தம்பரி, கொத்தம்பரி’ என்று கூவுவதைக் கேட்டுப் பழகிய நமக்கு இச்சொல் புதிதாகத் தோன்றாது.

இனி, மொழி போன பின்னரும் போகாதவை எவை என்று பார்ப்போம்.

முதலாவது மாரியம்மன். ஆண்டுதோறும் மே மாதத்தை ஒட்டிக் காசா பெராங்கில் அம்மனுக்குப் பெருவிழா நடைபெறும். அம்மன் தேரில் எழுந்தருளிப் பொய்யாத விநாயகர் கோயில் வரை சென்று மீள்வாள். காவடிகள் வரும். இவ்விழாவுக்கு அவ்வூரார் இட்ட பெயர் ‘டத்தோ சாச்சார்’. சாச்சார் என்றால் பெரியம்மை. டத்தோ என்பது பெரியோரை மதித்தழைக்கும் மலாய்ச் சொல். அம்மை நோயை நாமும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. ‘அம்மை வார்த்திருக்கிறது’, ‘தாய் விளையாடுகிறாள்’ என்கின்றோம். அவ்வச்சமும் பத்தியும் சொல்லளவில் மாறிப் பொருளளவில் மாறாமல் கடல் கடந்து சென்றிருக்கின்றன.

இரண்டாவது, எம் நெஞ்சை மிகவும் தொட்டது, ‘பராச்சு’ எனப்படும் முன்னோர் படையல். ஆண்டில் இருமுறை அது நிகழும். பொங்கலுக்கு முதல்நாள் நிகழ்வது போகிப் பராச்சு. ஆண்டின் நடுவில், ரம்புத்தானும் மங்குசுத்தானும் பழுக்கும் காலத்தில் நிகழ்வது பழப் பராச்சு. போகியன்று நம் பெங்களூரில் என்ன செய்கின்றோம்? பழைய பாயையும் துடைப்பத்தையும் தெருமுனையில் கொளுத்தலாமா, கூடாதா என்று காலனிச் சங்கத்தில் வழக்காடுகின்றோம். மலாக்காவில் அன்று மறைந்தோர் நாள். வாழையிலை விரித்து, இறந்துபோன தாத்தாவுக்கும் பாட்டிக்கும் எந்தெந்த உண்டி விருப்பமோ அவற்றையெல்லாம் சமைத்துப் படைப்பர். தேங்காய்ப்பாற் சோறு, மீன் குழம்பு, சம்பல், ஒட்டரிசிப் பணியாரம் என்று அவ்விலையில் மலாய் நாடே வந்திருக்கும். சாம்பிராணிப் புகை எழும். படைத்தபின் வீட்டார் விலகி நின்று, முன்னோர் உண்ணும் பொழுது கழிந்த பின்னரே உள்ளே வருவர். நம் தென்னார்க்காட்டு, தஞ்சை ஊர்ப்புறங்களில் படையல் போட்டுக் கதவைச் சாத்திவிட்டுத் திண்ணையில் காத்திருந்த பழக்கத்தை இம்மலரைப் படிக்கும் முதியோர் நினைவுகூர்வர். பொங்கல் விழாவைத் தொலைக்காட்சி நிகழ்ச்சியாக்கிக்கொண்ட நாம் அதனை எப்போது விட்டோம்?

இங்கே ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. இப்படையலை அடுப்பங்கரையில் நின்று ஆக்கியோர் யார்? அவ்வீட்டுப் பெண்டிர். அவர்களுள் முதல் தலைமுறையினர் தமிழ்ப் பெண்களே அல்லர்! சாவகத்திலும் சுமத்திராவிலும் மலாய்ச் சிற்றூர்களிலும் பிறந்தவர்கள். மாமியார் அருகிலிருந்து கற்பிக்கவும் வழியில்லை. அம்மாமியார் கடலுக்கு அப்பால் நாகப்பட்டினத்திலோ பழவேற்காட்டிலோ இருந்தாள். கணவன் வாய்மொழியாகச் சொன்னதைக் கேட்டு, தமக்குத் தெரிந்த சமையலால், தாம் ஒருபோதும் கண்டிராத முன்னோர்க்கு அவர்கள் இலை போட்டனர். தம் மகளிர்க்கும் கற்பித்தனர். அம்மகளிர் தம் மகளிர்க்குக் கற்பித்தனர். குழந்தை தாயின் மொழியைப் பேசியது. ஆதலின் மலாய் அதன் தாய்மொழியாயிற்று. அதே தாய்தான் தந்தையின் தெய்வத்தைக் குழந்தைக்குக் காட்டினாள். தமிழ் மொழியை இழக்கச் செய்தவள் என்று நாம் குறை கூறக்கூடிய அவளே தமிழ் மரபைக் காத்தவளும் ஆவாள். மொழிப்பற்றுடையோர் இதனை ஏற்கத் தயங்கலாம். யாமும் மொழிப்பற்றுடையேமே; ஆயினும் இதனை மறைத்து மலாக்கா வரலாற்றை எழுத இயலாது.

இதற்கு இணையான வரலாறு நம் காலடியிலும் இருக்கின்றது. சித்திரைப் பௌர்ணமி இரவில் பெங்களூர்த் திகளர்பேட்டைத் தருமராயர் கோயிலிலிருந்து கரகம் புறப்படுவதைக் காணாதார் நம்முள் சிலரே இருப்பர். பெண்வேடம் புனைந்த பூசாரி, மல்லிகை சூழ்ந்த கரகத்தைத் தலைமேல் தாங்கி வர, உருவிய வாளுடன் வீரகுமாரர் சூழ்ந்து வருவர். வழியில் தவக்கல் மஸ்தான் தர்காவுக்கும் கரகம் செல்லும். அவ்விழாவுக்கு உரியோர் திகளர். பழங்கன்னடத்தில் திகளர் என்ற சொல்லுக்கே தமிழர் என்பது பொருள். தோட்டக்கலையில் வல்ல இம்மக்கள், ஆங்கிலப் படை 1809-இல் இங்கே தண்டு அமைத்து, அதன் பின்னே நம் முன்னோர் அணி அணியாக வருவதற்கு நெடுங்காலம் முன்பே இவ்வூரில் கால்கொண்டவர்கள். செஞ்சிப் பகுதியில் திரௌபதியம்மன் வழிபாடு எவ்வளவு சிறந்ததோ, அவ்வளவு இங்கே இவர்களிடம் சிறந்து நிற்கின்றது. இன்று அவர்களுள் கன்னடம் பேசுவோரும் தெலுங்கு கலந்து பேசுவோரும் பலர். தமிழ்ச் சங்க மேடைகளில் நாம் எத்தனை முறை அவர்களை அழைத்திருக்கின்றோம்? செங்கோட்டைப் புறத்திலிருந்து பல நூற்றாண்டுகட்கு முன் இந்நாடு புகுந்த சங்கேதியர், தமிழோடு கன்னடம் கலந்த தனிமொழியை வீட்டிற் பேசிக்கொண்டு, எழுதுவதைக் கன்னடத்தில் எழுதுகின்றனர். அவர்களையும் நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. மலாக்காவுக்குச் செல்லக் கடவுச்சீட்டு வேண்டும். திகளர்பேட்டைக்கு நகரப் பேருந்தே போதும்.

நம் காலனியில் இப்போது நிகழ்வதும் இவ்வரலாற்றுக்கு அயலானதன்று. பேரப்பிள்ளைகள் தமிழைப் பேசுகின்றனர், படிப்பதில்லை. கன்னடப் பெண்களும் வங்கப் பெண்களும் நம் வீடுகளுக்கு மருமகள்களாக வந்துள்ளனர். ‘அவ்வீடு போயிற்று’ என்று கைவிரிப்போர் நம் சங்கத்திலேயே உண்டு. ‘பொங்கல் வைக்கிறார்கள், அது போதும்’ என்று மனநிறைவு கொள்வோரும் உண்டு. இருதிறத்தார்க்கும் மலாக்கா விடை தருகின்றது. ஆனால் இருவர்க்கும் இனிய விடையன்று. வீடு போய்விடவில்லை, ஐந்நூறு ஆண்டு கழித்தும் இலை விரிக்கின்றது. அதே வேளையில் பொங்கல் மட்டும் போதுமானதாகவும் இல்லை. தேவாரம் அவர்தம் கோயிலில் ஒலிக்கின்றது. பொருள் பலர்க்கு விளங்குவதில்லை. தம் முன்னோரைப் பற்றி அவர்கள் அறிய விரும்பினால், போர்த்துகீசியன் எழுதியதையும் ஒல்லாந்தன் எழுதியதையும் நாடவேண்டும். மலேசிய நாட்டில் மலாய் மக்களுக்கு அவர்கள் இந்துக்கள்; தமிழர்க்கோ மலாய் பேசுவோர். மண்ணின் மைந்தர் என்னும் சட்டத் தகுதியை வேண்டி அவர்கள் நெடுங்காலமாக முறையிட்டு வந்துள்ளனர். ஐந்து நூற்றாண்டு ஒரு மண்ணில் வாழ்ந்தும் அம்மண்ணுக்கு உரியவர் என்று மெய்ப்பிக்க வேண்டிய நிலை எவர்க்கும் வரக்கூடாதது. இவ்வூரில் இரண்டொரு முறை அச்சத்தோடு கதவடைத்து இருந்த நம்மவர்க்கு அதன் வலி விளங்கும்.

இக்காரணங்களால்தான் அச்சமூகத்தார் தாமே முன்வந்து தம் வீட்டுப் பேழைகளைத் திறந்த செயலை யாம் பெரிதெனக் கருதுகின்றோம். பிறர் எழுதிய ஏடுகளில் ஓரிரு வரியாக இருந்தவர்கள், தம் கதையைத் தம் பாட்டியின் சேலைப்பெட்டி கொண்டு தாமே கூறினர். கெபாயா என்னும் அவ்வுடையையும் 2024 டிசம்பரில் ஐந்து தென்கிழக்காசிய நாடுகளின் பொதுமரபாக ஐக்கிய நாடுகள் அமைப்பு பட்டியலில் சேர்த்தது. அதனை உடுத்தித் தாலி அணிந்த பெண்களின் பழைய புகைப்படங்கள் செட்டி வீடுகளில் உள்ளன.

அக்கண்காட்சி 2019-இல் நிறைவுற்றது. எனினும் சிங்கப்பூரில் மகனையோ மகளையோ காணச் செல்லும் நம் அன்பர்க்கு வழி உண்டு. ஆர்மீனியன் தெருவில் பழைய தாவ் நான் பள்ளிக் கட்டடத்தில் 2008 முதல் பெரானாக்கான் அருங்காட்சியகம் இயங்குகின்றது. சில ஆண்டுகள் மூடிப் புதுக்கியபின் 2023 பிப்ரவரியில் மீண்டும் திறந்தனர். சீன வழியினரோடு இந்திய வழியினர்க்கும் அதில் இடமுண்டு. இன்னும் ஒரு நாள் கிடைக்குமாயின் பேருந்தேறி மலாக்காவுக்கே செல்லலாம்; காசா பெராங்கில் செட்டிகளே ஒரு சிறு அருங்காட்சியகம் வைத்துள்ளனர். பொங்கலுக்கு முதல்நாள் செல்ல வாய்ப்பவர், படையல் வேளையில் யார் வீட்டு வாயிலிலும் நின்று எட்டிப் பாராமல், சற்றுப் பொறுத்துச் செல்க. உள்ளே தாத்தாவும் பாட்டியும் உண்டுகொண்டிருப்பர்.